எந்தப் பொன்னேரி?

செந்தில்,

நேற்று போனில் நான் சரியாகப் பேசவில்லை என்று உனக்கு மனத்தாங்கல் இருக்கும். எதிர்வீட்டுக் கூடத்தில் நின்று போன் பேசுகிற கஷ்டம் உனக்குத் தெரியாததா? டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்தக் குடும்பமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியொரு சபையில் நின்றுகொண்டு ஒரு தகப்பன் 'ம்', 'சரி', 'உடம்பைப் பார்த்துக்க' என்பதற்கு மேல் என்ன பேசிவிட முடியும்? வீட்டுக்குள் வந்ததும் உங்கம்மா, "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "சைக்கிள்ல மலைக்குப் போறானாம்" என்றேன். "எந்த வழியா?" என்றாள். "பொன்னேரி வழியா" என்றேன். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாம்பார் அடிப்பிடிக்கும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். ஏன் சிரித்தோம் என்பதை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் திட்டத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். தையில் கல்யாணம். மாசி பிறந்ததும் நீயும் கவிதாவும், ஏழுமலையும் அவன் மனைவியும், அவனுடைய வேன் மேல் கியர் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்புகிறீர்கள். முதலில் ஏலகிரி. அடிவாரத்திலிருந்து சைக்கிளில் ஏறி, மேலே தங்கி, மண்பாதைகளில் சுற்றிவிட்டு இறங்குகிறீர்கள். பிறகு திருப்பத்தூர் வழியாக ஜவ்வாது மலை. அங்கேயும் இதே கூத்து. கூட்டிக்கொண்டு போக ஒரு கம்பெனி கிடையாது, வழிகாட்டி கிடையாது. கையில் ஒரு மேப், வழியில் பார்க்கிறவர்களிடம் கேட்க ஒரு வாய். ஆளுக்குக் கொஞ்ச தூரம் மாற்றி மாற்றி வேனை ஓட்டி வர, மற்றவர்கள் மிதிப்பீர்கள். தேனிலவுக்கு ஊட்டிக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேனிலவுக்கு ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு போகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். கவிதா எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், இந்த யோசனையே அவளுடையதுதான் என்று சொல்லிவிட்டாய். அந்தப் பெண் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

இதையெல்லாம் மடமடவென்று சொன்ன நீ, கொஞ்சம் நிறுத்தினாய். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அப்பா, ஒண்ணு சொல்லணும். அந்த மலை அடிவாரத்துல இருக்கற ஊர் பேரும் பொன்னேரிதான். நம்ம மெட்ராஸ் பக்கத்துல இருக்கற பொன்னேரி இல்ல. காலேஜ் படிக்கும்போது நானும் ஏழுமலையும் போனது இந்தப் பொன்னேரிக்குத்தான்" என்றாய். நான் 'ம்' என்றேன். "கோவமாப்பா?" என்றாய். "சரி, உடம்பைப் பார்த்துக்க" என்று போனை வைத்துவிட்டேன். கோபம் இல்லையடா. இத்தனை வருஷம் கழித்து, யாரும் கேட்காமலே, நீயாக வாயைத் திறந்து சொன்னாயே, அது எனக்குப் பெரிய நிம்மதி. செருப்புக்குள் கிடந்த சிறு கல்லை எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் நீ எந்தப் பொன்னேரிக்குப் போனாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். எப்படித் தெரிந்தது என்பதுதான் கதை.

நான் தட்டையான நிலத்து மனிதன். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், அங்கே குன்று என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். வேலைக்கு வந்தது ஆவடி பாக்டரிக்கு. இங்கேயும் திரும்பிய பக்கமெல்லாம் ஏரி. இருப்பதிலேயே உயரமான இடம் ஏரிக்கரைதான். அம்பத்தூர், பூந்தமல்லி, திருநின்றவூர் என்று எத்தனை வருஷம் சைக்கிள் மிதித்திருப்பேன். எதிர்க்காற்று அடித்த நாட்களைத் தவிர எங்கேயும் இறங்கித் தள்ளியது கிடையாது. சாலை என்றால் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது என் எண்ணம். அது எழுந்து நிற்க ஆரம்பித்தால் எனக்குப் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் நீதான்.

குவார்ட்டர்ஸ் கிடைப்பதற்கு முன்னால் நாம் கொரட்டூரில் வாடகைக்கு இருந்தோமே, நினைவிருக்கிறதா? நீ மூன்றாம் வகுப்பு. மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற அரை சைக்கிளில் புதிதாக ஓட்டப் பழகியிருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மார்க்கெட்டிலிருந்து பையோடு ஏரிக்கரை மேலே நடந்து வந்துகொண்டிருக்கிறேன். நீ எனக்கு முன்னால் கரை மேலேயே ஓட்டிக்கொண்டு போகிறாய். திடீரென்று சைக்கிளைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவிட்டாய். ஏன் திருப்பினாய் என்று இன்றுவரை நீ சொல்லவில்லை. இறங்கிப் பார்க்கலாமே என்று தோன்றியிருக்கும். வாடகை சைக்கிளுக்கு பிரேக் எங்கே இருக்கிறது? நீ கத்தக்கூட இல்லை. ஆகாயத்தாமரைக்குள் போய் மறைந்துவிட்டாய். எனக்கு நீச்சல் தெரியாது. பையைப் போட்டுவிட்டுக் குதித்தேன். தண்ணீர் என் இடுப்பளவுதான் இருந்தது என்பது குதித்த பிறகுதான் தெரிந்தது. உன்னைத் தூக்கிக் கரையில் உட்கார வைத்தபோது உன் தாடை கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. நீ கேட்ட முதல் கேள்வி, "அப்பா, சைக்கிளை எடுத்தாச்சா?"

உன் தாடையில் இருக்கும் தையல் தழும்பைக் கல்யாணப் போட்டோவில் மறைக்கப் பவுடர் போடுவார்கள். எனக்குள் விழுந்த தழும்பை மறைக்க வழியில்லை. அன்றைக்குப் பிறகு, சரிவு என்று எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த ஆகாயத்தாமரை அசைந்து மூடிக்கொள்வதுதான் கண்ணில் தெரியும். மொட்டை மாடிச் சுவர், படிக்கட்டுக் கைப்பிடி, பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம், எல்லாவற்றிலிருந்தும் உன்னை இறக்கிவிட்டேன். நீ வளர்ந்தாய், மீசை முளைத்தது, என்னைவிட உயரமானாய். நான் மட்டும் கரை மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் நீயும் ஏழுமலையும் காலேஜ் இரண்டாம் வருஷத்தில் ஏலகிரித் திட்டத்தோடு வந்தீர்கள். கோவில்பதாகையிலிருந்து தினமும் நம் வீட்டுக்கு வந்து, உங்கம்மா கையால் ஒரு தோசையாவது சாப்பிட்டுவிட்டுப் போகிற பையன் ஏழுமலை. அவனை எனக்குப் பிடிக்கும், அது அவனுக்கும் தெரியும். கையில் பள்ளிக்கூட அட்லாஸ். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு, "அங்கிள், நம்ம சித்தப்பா லாரி வாணியம்பாடிக்குப் போய்கினே கீது. கரையான்சாவடில சைக்கிளைத் தூக்கிப் போட்டுகினு ஏறிட்டா, எறங்கி மலை மேல ஒரு ரவுண்டு. இன்னா அங்கிள் மலை? கொஞ்சம் நிமிந்த ரோடு, அவ்ளோதான்" என்றான். நான், "உன் பேர்லயே ஏழு மலை இருக்குப்பா, நீ பேசுவ. இவன் பேரு செந்தில். ஆறு படை வீட்டுல கடலோரமா இருக்கற சாமி. மலை ஏற வேண்டிய அவசியம் அவருக்கு இல்ல" என்றேன். ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தான். நீ சிரிக்கவில்லை. "முடியாதுன்னா முடியாது" என்று நான் முடித்தேன். நீ அட்லாஸை மூடி வைத்துவிட்டு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாய். அப்படிப் பேசாமல் போனதைப் பார்த்து நான் உஷாராகியிருக்க வேண்டும். பையன் நல்லபடியாக வளர்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து, நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து வந்து, "அப்பா, சனி ஞாயிறு நானும் ஏழுமலையும் பொன்னேரிக்குப் போயிட்டு வரோம். அவன் அத்தை வீடு அங்க இருக்கு. சைக்கிள்லயும் கொஞ்சம் சுத்துவோம்" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மலை வேண்டாம் என்றதும் பையன் சமத்தாகத் தரையிலேயே ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டான். பேப்பரைக் கீழே போட்டுவிட்டு வழி சொல்ல ஆரம்பித்தேன். ஆவடியிலிருந்து செங்குன்றம் போ, அங்கே ஜி.என்.டி. ரோட்டில் ஏறினால் லாரிகள் அதிகம், ஓரமாகப் போ, தச்சூரில் திரும்பு. நீ ஒவ்வொன்றுக்கும் "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டினாய். ஏழுமலை மட்டும் எங்கள் வீட்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு சைக்கிளுக்கும் புது பிரேக் கட்டைகள் மாட்டினீர்கள். "எதுக்குடா புதுசு?" என்றேன். "சேஃப்டிக்குத்தான் அங்கிள்" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் இருவரும் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஊர் பொன்னேரிதான். அத்தை வீடும் அங்கே இருந்தது. இந்தப் பக்கத்தில் குடியிருக்கிறவனிடம் பொன்னேரி என்றால் அவன் எந்தப் பொன்னேரியை நினைப்பான் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மலை வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னது உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. பொன்னேரிக்கே போய், இரண்டு பேருக்கும் நல்ல ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, கூடவே திரும்பி வரலாம் என்று தோன்றியது. உங்கம்மாவிடம் சொன்னால், 'பிள்ளைங்க ரெண்டு நாள் நிம்மதியா இருக்கட்டும்' என்பாள். அதனால், பாக்டரியில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போகிற வழியெல்லாம் நான் சொன்ன வழியிலேயே நீங்கள் போயிருப்பீர்கள் என்று, மரத்தடி டீக்கடை ஒவ்வொன்றிலும் உங்கள் சைக்கிள் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

பொன்னேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கேதான் ஆரம்பித்தேன். "ஆவடியிலேர்ந்து ரெண்டு பசங்க சைக்கிள்ல வந்தாங்களா?" டீ ஆற்றுகிறவர், "நேத்துலேர்ந்து அப்டி யாரும் வர்ல சார்" என்றார். ஏழுமலையின் அத்தை வீடு எது என்று கேட்டேன். "ஏழுமலைன்னு இந்த ஊர்ல தடுக்கி உழுந்தா ஒர்த்தன் கீறான். எந்த ஏழுமலை சார்?" என்றார். எனக்கு அவன் அத்தை பெயரும் தெரியாது, தெருவும் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளாத என் புத்தியை நொந்துகொண்டு தெருத்தெருவாகச் சுற்றினேன். ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தேன். சைக்கிள் கடைகளில் விசாரித்தேன். வெயில் ஏற ஏற எனக்குள் அந்த ஆகாயத்தாமரை அசைய ஆரம்பித்துவிட்டது. ஜி.என்.டி. ரோட்டு லாரிகள் ஒவ்வொன்றும் கண்முன் வந்தன. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டேன். உள்ளே போய்க் கேட்க தைரியம் வராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போய்க் கேட்டேன். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். அந்தப் பதிலில் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்றுகூடத் தெரியவில்லை.

மறுபடி அதே டீக்கடை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்காமலே டீ கொடுத்தார். பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். பொறுப்பான பசங்க, கிளம்புறதுக்கு முன்னாடி புது பிரேக் கட்டைகூட மாட்டினாங்க என்று சொல்லும்போது அவர் பன்னை நிறுத்திவிட்டார். "பிரேக் கட்டையா? இந்தத் தட்ட ரோட்டுக்கு எவன் சார் புதுசா கட்ட போட்டுகினு வருவான்? வேற இன்னா எட்துகினு போனானுங்க?" என்றார். யோசித்தேன். காலையில் சட்டை எடுக்க அலமாரியைத் திறந்தபோது உன் சிவப்பு ஸ்வெட்டரைக் காணவில்லை. வடநாட்டுக்குப் போனபோது வாங்கியது. மெட்ராஸில் அதை யார் போடுவார்கள் என்று அப்போது நான் நினைக்கவில்லை. "ஸ்வெட்டர்" என்றேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "நைனா, நீ தப்பான பொன்னேரிக்கு வந்துட்ட. ஜோலார்பேட்டையாண்ட, ஏலகிரி மலைக்குக் கீழ ஒரு பொன்னேரி கீது. உம் புள்ள அங்க கீறான்."

எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் அது கௌரவமாக இருக்கும். வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. நான் இல்லாத ஏதோ ஓர் ஊரில், கைகால் முழுசாக, நீ இருக்கிறாய். இந்த ரோட்டில் அடிபட்டுக் கிடக்கவில்லை. அந்த நிம்மதி ஒரு வாய் டீ குடிக்கும் நேரம் இருந்தது. அடுத்த வாய்க்குள் மலை நினைவுக்கு வந்துவிட்டது. ஏறுவதைப் பற்றி எனக்குப் பயமில்லை, ஏறுகிறவன் களைத்தால் நிற்பான். இறங்குவதுதான். இந்நேரம் நீ இறங்கிக்கொண்டிருப்பாய். பிரேக்கைப் பிடித்துக்கொண்டோ, பிடிக்காமலோ. அங்கே ஓடிவர எனக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. ஏழுமலையின் சித்தப்பா லாரி ஞாபகம் வந்து அதையும் சொன்னேன். டிரைவர், "லாரில போனவன் லாரிலதான் வருவான். பெங்களூர் ரோட்டு வண்டி எல்லாம் பூந்தமல்லியத் தாண்டித்தான் ஆவணும். அங்க போய் நில்லு" என்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பூந்தமல்லி கரையான்சாவடியில் ஒரு பழக்கடை ஓரமாக மொபெட்டை நிறுத்திக்கொண்டு, மேற்கிலிருந்து வந்த ஒவ்வொரு லாரியாகப் பார்த்தேன். பழக்கடைக்காரர் இரண்டு முறை, "இன்னா சார் வோணும்?" என்று கேட்டார். இரண்டு முறையும் வாழைப்பழம் வாங்கினேன். வெயில் சாய்ந்து, கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்த நேரத்தில் ஒரு லாரி நின்றது. முதலில் ஒரு சைக்கிள் இறங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு ஏழுமலை. பிறகு, அந்தப் புழுக்கத்தில், சிவப்பு ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு நீ. தொங்கவிட்டிருந்த வாழைத்தாருக்குப் பின்னால் நான் மறைந்துகொண்டேன். கால், கை, தலை என்று உன்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எல்லாம் இருந்தது. "மாமே, இன்னா எறக்கம்டா அது" என்று ஏழுமலை உன்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். நீ சிரித்தாய். அப்படி நீ சிரித்து நான் பார்த்ததில்லை. என் வீட்டில், என் முன்னால், நீ அப்படிச் சிரித்ததே கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழக்கடைக்காரர் மூன்றாம் முறை எதுவும் கேட்கவில்லை.

நீங்கள் டீ குடிக்க நின்றதால் நான் முன்னால் வீடு வந்துவிட்டேன். உங்கம்மா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். "ஓவர்டைம் முடிஞ்சுதா?" என்றாள். "முடிஞ்சுது" என்றேன். "பாக்டரில வாழைப்பழம் குடுத்தாங்களா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் உன் சைக்கிள் மணி கேட்டது. அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். நானும் விட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது. நீ வந்தாய். "பொன்னேரி எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சுப்பா" என்றாய். "ரோடு?" "கொஞ்சம் மேடு பள்ளம்பா." உங்கம்மா அவசரமாக உள்ளே போனாள். நான் வாழைப்பழத்தை நீட்டினேன். நீ வரிசையாகத் தின்றாய்.

மறுநாள் காலையில் உன் சைக்கிளைத் திருப்பிப் பார்த்தேன். புது பிரேக் கட்டைகள் இரும்புவரை தேய்ந்திருந்தன. எனக்கு அதைப் பார்த்து மனசு ஆறியது. பயமில்லாதவன் பிரேக்கைத் தேய்க்க மாட்டான். நீ பிடித்துப் பிடித்து, பார்த்துப் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறாய். கொரட்டூர் ஏரிக்கரையில் பிரேக் இல்லாமல் போன பையன் இல்லை நீ. பாக்டரிக்குப் போவதற்கு முன்னால் கடையில் வேறு கட்டைகள் வாங்கி மாட்டிவிட்டேன். நீ அதைக் கவனித்தாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏன் அன்றைக்கே கேட்கவில்லை என்று உங்கம்மா பல தடவை என்னைக் கேட்டிருக்கிறாள். கேட்டிருந்தால் நீ அடுத்த தடவை இன்னும் நல்ல பெயருள்ள ஊராகத் தேடியிருப்பாய். அதுவுமில்லாமல், அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உன்னைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். கொஞ்சம் அதிகமாகவே காக்க வைத்துவிட்டாய், அவ்வளவுதான்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். மலையே தெரியாதவன் மலைக்கு யோசனை சொல்கிறான் என்று நீயும் கவிதாவும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரேக் எனக்குத் தெரியும். இறங்கும்போது அதை இறுக்கிப் பிடித்தபடியே வராதே. ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடி, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, வளைவுக்குள் போன பிறகு குறைக்கப் பார்க்காதே. கொண்டை ஊசி வளைவில் மேலே ஏறி வருகிற பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும். அதன் ஹாரன் கேட்டால் ஓரமாக நின்றுவிடுங்கள், வீரம் காட்ட வேண்டாம். மேப்பில் ஒரு விரல் அகலம் இருக்கிற தூரம் மலையில் ஒரு பகல் ஆகும். அதனால் ஒவ்வொரு நாளைக்கும் குறைந்த தூரமே திட்டம் போடு. மிச்சமாகும் நேரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். ஜவ்வாது மலையில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும் என்கிறார்கள். சாயங்காலம் இன்னும் கொஞ்சம் போகலாம் என்று ஏழுமலை சொல்வான். போகாதே.

இன்னொன்று, இது சைக்கிளுக்கு மட்டும் இல்லை. மூன்று பேர் மிதிக்க ஒருவர் வேன் ஓட்டுகிறீர்கள் என்றாய். வேன் ஓட்டுகிறவர் முன்னால் போய்விட்டு, வராதவர்களுக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று மிதிக்கிறவர்களுக்குத் தெரியாது. எங்கே சந்திப்பது என்பதற்கு ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். எந்த மரம், எந்தக் கடை, எந்த வளைவு என்று சொல்லிக்கொள்ளுங்கள். கவிதாவிடமும் அப்படியே இரு. அவள் பயந்துவிடுவாள் என்று எதையாவது பாதி சொல்லி நிறுத்தாதே. உங்கம்மா என்னிடம் ஸ்வெட்டரை மறைத்ததும், நான் அவளிடம் ஓவர்டைம் என்று மறைத்ததும், இன்றைக்குச் சிரிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு பகல் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம். சேர்ந்து பயந்திருந்தால் பாதிதான் இருந்திருக்கும்.

கவிதாவின் அப்பா எப்படியும் எனக்குப் போன் செய்வார். "என்ன சம்பந்தி, மலையிலயாம், சைக்கிளாம்" என்று ஆரம்பிப்பார். எதிர்வீட்டுக் குடும்பம் டி.வி.யைக் குறைக்கும். அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே. அவரும் தட்டையான நிலத்துக்காரர்தான், வாலாஜாபாத் பக்கம். அவர் பயம் எனக்குப் புரியும். என்னோடு அடிவாரம்வரை வாருங்கள் என்று அவரையும் கூப்பிடுவதாக இருக்கிறேன்.

ஆமாம், நேற்று பேச்சு நடுவில் நீ கேட்ட இன்னொன்றுக்கும் நான் பதில் சொல்லவில்லை. "நீங்களும் அம்மாவும் கீழ வரைக்கும் வர்றீங்களாப்பா?" என்று கேட்டாய். வருகிறோம். மலை மேலே கூப்பிடாதே, என் கால் தரையிலேயே இருக்கட்டும். உன்னைப் பிடித்து நிறுத்த நான் இனி எந்தக் கரையிலும் நிற்கப்போவதில்லை. நீ எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் ஏறு. நீ இறங்கி வரும்போது எந்த ஊரில் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தால் போதும். அங்கேயும் ஒரு டீக்கடை இருக்கும். கடைசி வளைவு தாண்டியதும் அதன் பெஞ்சைப் பார். வாழைப்பழத்தோடு ஒருவன் உட்கார்ந்திருப்பான். இந்தத் தடவை சரியான பொன்னேரியில்.

அப்பா